கம்பி வழியே காட்சி – 9: வரிசையில் இல்லாத சேனல்கள்

கேபிள் இணைப்பில் ஒரு சேனல் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஐந்து காரணங்களுள் ஒன்று இருக்கும். சேனல் நிறுவனத்துக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் ஏற்படாமல் இருக்கலாம். ஒப்பந்தம் இருந்தும் கேபிளில் இடம் கிடைக்காமல் இருக்கலாம். வீட்டுக்காரர் கட்டியிருக்கும் பேக்கேஜில் அந்தச் சேனல் சேராமல் இருக்கலாம். அதன் வரிசை எண் மாறியிருக்கலாம். அல்லது தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் சிக்னல் குறைந்திருக்கலாம். திண்டுக்கல் நகரத்திலும், சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் போன்ற சமவெளி ஊர்களிலும் இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல வேண்டியவராக ஒருவரே நிற்கிறார். மாதம் பிறந்தால் பணம் வாங்க வரும் கேபிள்காரர்தான் அவர். ஆனால் ஐந்தில் முழுமையாக அவர் கையில் இருப்பது கடைசிக் காரணம் மட்டுமே.

மூன்று கைகள்

சேனல் நிறுவனம் தன் ஒளிபரப்பைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அதைப் பெரிய டிஷ்களில் வாங்கி, கட்டுப்பாட்டு அறையில் ஒன்று சேர்த்து, கண்ணாடி இழைக் கம்பியில் ஊர் ஊராக அனுப்புவது எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய கேபிள் நிறுவனம். அரசு கேபிள் டிவி நிறுவனமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அங்கிருந்து வரும் சிக்னலைத் தெருக்களுக்குள் கொண்டுபோய் வீடுகளில் சேர்ப்பவர் உள்ளூர் ஆபரேட்டர். 1994இல் அவசரச் சட்டமாகவும் 1995இல் முழுச் சட்டமாகவும் வந்த கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம் இவர்களைப் பதிவு செய்யச் சொன்னது. தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டி ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிப்பது நெடுங்கால நடைமுறையாக இருந்தது.

எந்தச் சேனல் வர வேண்டும் என்பது முதல் இரண்டு கைகளுக்கு இடையே முடிவாகிறது. மூன்றாவது கைக்கு வருவது முடிவான பட்டியல்.

பதினோரு இடங்கள்

கேபிள் வருவதற்கு முன் திண்டுக்கல் வட்டாரத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனெனில் இருந்தது ஒரே சேனல். கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் அமைத்த உயர்சக்தி ஒளிபரப்பு நிலையத்தை நோக்கி வீட்டு ஆன்டெனாக்கள் திருப்பிவைக்கப்பட்டிருந்தன. அதற்கும் முன்பு, தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிதான் எட்டும் ஒளிபரப்பாக இருந்தது.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. அடுத்தடுத்துத் தனியார் சேனல்கள் வந்தபோது இடத்தட்டுப்பாடும் கூடவே வந்தது. அனலாக் முறையில் ஒரு சேனலுக்கு 7 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை தேவை. அன்றைய பழைய டிவி பெட்டிகள் வி.எச்.எஃப். பட்டையில் 2ஆம் எண் முதல் 12ஆம் எண் வரை பதினோரு இடங்களைத் தெளிவாக வாங்கின. அவற்றுக்கு இடைப்பட்ட எஸ் பேண்டிலும் மேலே உள்ள யு.எச்.எஃப். பட்டையிலும் வைக்கப்பட்ட சேனல்கள் புதுப் பெட்டிகளில் மட்டுமே தெரிந்தன. மேலும், அதிர்வெண் கூடக்கூடக் கம்பியில் சிக்னல் அதிகம் தேயும். ஆகவே கட்டுப்பாட்டு அறைக்கு அருகில் இருந்த தெருவில் பளிச்சென்று தெரிந்த சேனல், ஊர்க்கோடியில் புள்ளி மழையாகத் தெரிந்தது.

ஒரு சேனலை நீக்காமலேயே பார்வையாளரிடமிருந்து மறைக்க இந்த ஏற்பாடு வழிசெய்தது. முதல் பதினோரு இடங்களிலிருந்து எடுத்து எஸ் பேண்டுக்குத் தள்ளினால் போதும். பாதி வீடுகளுக்கு அது இல்லாமல் போய்விடும். நல்ல இடம் வேண்டுமென்றால் சேனல் நிறுவனம் கேபிள் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. சட்டம் இடம் ஒதுக்கிக் காத்தது தூர்தர்ஷனுக்கு மட்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அதன் குறிப்பிட்ட சேனல்களை எந்த ஆபரேட்டரும் விட்டுவிட முடியாது.

அரசு கேபிள்

தமிழ்நாட்டில் கேபிள் நிறுவனங்களும் சேனல்களும் அரசியல் கட்சிகளோடு நெருங்கியிருந்ததால், பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது தொடக்கத்திலிருந்தே அரசியல் கேள்வியாக இருந்தது. 2006 தொடக்கத்தில் அன்றைய அ.தி.மு.க. அரசு பெரிய கேபிள் நிறுவனங்களை அரசுடைமையாக்கச் சட்டமுன்வடிவு கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வருமுன் ஆட்சி மாறியது. 2007 அக்டோபரில் தி.மு.க. அரசு தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தைப் பதிவு செய்தது. தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி, வேலூர் ஆகிய ஊர்களில் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்தன. ஆனாலும் நிறுவனம் சில ஆண்டுகள் ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது.

2011 செப்டம்பர் 2 அன்று ஜெயலலிதா அரசு அதை மீண்டும் தொடங்கியது. மாதக் கட்டணம் 70 ரூபாய். அதில் 20 ரூபாயை ஆபரேட்டர் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். முன்பு நூறு, நூற்றைம்பது என்று கட்டிவந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தொடக்கநாள் பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் இலவசச் சேனல்கள். சன் குழுமத்தின் சேனல்கள் உள்ளிட்ட முக்கியமான கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக ஏற்பட்ட பிறகே அவை வந்து சேர்ந்தன. குறைந்த கட்டணத்துக்கும் நிறைந்த பட்டியலுக்கும் இடையிலுள்ள முரண் அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது. கட்டணச் சேனலுக்கு நிறுவனம் தர வேண்டிய பணம் கடைசியில் மாதக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

டிஜிட்டல் வந்தபின்

கேபிளை டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011இல் நிறைவேறியது. எல்லா நகர்ப்புறங்களும் 2015 டிசம்பர் 31க்குள்ளும், மற்றப் பகுதிகள் அதற்கடுத்த ஆண்டு முடிவதற்குள்ளும் மாற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. திண்டுக்கல் நகரம் முதல் வகையிலும் சுற்றுக் கிராமங்கள் இரண்டாம் வகையிலும் வந்தன. தமிழ்நாட்டில் கெடு பல இடங்களில் தள்ளிப்போனது. மாநில அரசுகள் இத்தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்திருந்தது. இந்நிலையில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் விலையில்லா செட்டாப் பாக்ஸ்கள் வழங்கத் தொடங்கினர்.

முன்பு ஒரு சேனல் பிடித்திருந்த இடத்தில் டிஜிட்டல் முறையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை அடுக்கலாம். இடத்தட்டுப்பாடு இப்படித் தளர்ந்தபோது வேறொரு தடுப்பு வந்தது. பணம் கட்டாத சேனலை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பூட்ட செட்டாப் பாக்ஸால் முடியும். 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் கட்டண முறை இந்தப் பூட்டின் மேல்தான் நிற்கிறது. 100 சாதாரணச் சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை இதற்கு மேல். ஒவ்வொரு சேனலும் தன் விலையை அறிவிக்க வேண்டும்; தொகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் அந்த விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. சன் டிவி அப்போது அறிவித்த விலை அந்த உச்சவரம்பான 19 ரூபாய்தான். 2020இல் 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாறியது. 2024இல் அடிப்படைக் கட்டணத்தின் மீதான உச்சவரம்பே நீக்கப்பட்டது.

இதன் விளைவாக, “எங்கள் ஊர் கேபிளில் அந்தச் சேனல் வரவில்லை” என்ற புகாரில் பெரும்பகுதி இன்று பேக்கேஜ் சார்ந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து சேனல் வருகிறது, தெருவரை வருகிறது, பாக்ஸில் பூட்டியிருக்கிறது. தனிச் சேனலாகக் கேட்டு வாங்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. ஆனால் ஆபரேட்டர்கள் ஓரிரு தொகுப்புகளையே வழக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் கணிசமாக உண்டு. தமிழ் அடிப்படைத் தொகுப்பில் அம்மொழிகளின் முன்னணிப் பொழுதுபோக்குச் சேனல்கள் சேர்வது அரிது. கேட்டு வாங்கினால்தான் வரும்.

கொடுக்க வேண்டும், ஏற்றிச் செல்ல வேண்டும்

ஒப்பந்தச் சண்டைகளுக்கு விதி இல்லாமல் இல்லை. 2004 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறை, கேட்கும் எந்தக் கேபிள் நிறுவனத்துக்கும் பாகுபாடின்றிச் சிக்னல் கொடுக்க வேண்டும் என்று சேனல்களைக் கட்டாயப்படுத்தியது. 2017ஆம் ஆண்டு விதிகள் மறுபக்கத்தையும் சேர்த்தன. கேபிளில் இடமிருந்தால், முதலில் கேட்ட சேனலுக்கு முதலில் என்ற முறையில் ஏற்ற வேண்டும். இடத்துக்கான கட்டணத்துக்கும் வரம்பு வந்தது. சாதாரணச் சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசு, எச்.டி. சேனலுக்கு 40 காசு என்று அப்போது விதிக்கப்பட்டது. அந்தப் பகுதிச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு மேல் ஒரு சேனலை வாங்கியிருந்தால் கட்டணமே கேட்கக் கூடாது. சிக்னலை நிறுத்துவதற்கு முன் எதிர்த்தரப்புக்கு மூன்று வார அறிவிப்பும், திரையின் கீழே ஓடும் எழுத்தில் 15 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

விதி இருந்தும் விலைச் சண்டை மூண்டால் திரை இருளும். 2023 பிப்ரவரியில் புதிய விலைகளை ஏற்று ஒப்பந்தம் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி குழுமங்கள் சிக்னலை நிறுத்தின. சுமார் 4.5 கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. சில நாட்களில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி சேனல்கள் திரும்பின. அந்த நாட்களில் உள்ளூர் ஆபரேட்டர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எண் மாறினால்

டிஜிட்டல் பட்டியலில் எஸ் பேண்டின் வேலையை வரிசை எண் செய்கிறது. ஒரே வகைச் சேனல்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும், ஒருமுறை கொடுத்த எண்ணை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது என்பது விதி. 2018 ஜூனில் கோவையில் நடந்த விவாத நிகழ்ச்சி தொடர்பாகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்குப் பதிவானது. அதையொட்டி அரசு கேபிளில் அச்சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாக எதிர்க்கட்சிகளும் பத்திரிகையாளர் அமைப்புகளும் கண்டனம் எழுப்பின. ஆட்சி மாறிய பின் 2025 அக்டோபரிலும் அதே சேனல் குறித்து மீண்டும் கண்டனம் எழுந்தது. அரசே கேபிள் நடத்தக் கூடாது என்ற டிராய் பரிந்துரையின் பின்னணியில் இத்தகைய ஐயம்தான் இருந்தது.

சேனல் உண்டு, ஆட்டம் இல்லை

சில சமயம் சேனல் வரிசையில் இருக்கும், எதிர்பார்த்த நிகழ்ச்சி மட்டும் இருக்காது. இந்திய அணியின் கிரிக்கெட் ஆட்டம் தூர்தர்ஷனில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுக் கேபிளில் தேடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். முக்கியமான ஆட்டங்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ் என்ற தன் இலவச டிடிஎச்சிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆட்ட நேரத்தில் கேபிளில் வரும் தூர்தர்ஷன் சேனலில் வேறு நிகழ்ச்சி ஓடும்.

பாக்ஸும் ஒயரும்

எல்லாச் சேனலும் ஒரே நாளில் நின்றுபோவது வேறு வகை. 2022 நவம்பர் 19 அன்று அரசு கேபிளின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட செட்டாப் பாக்ஸ்கள் மென்பொருள் கோளாறால் முடங்கின. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்துடனான தகராறே காரணம் என்று அரசு கூறியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பூட்டும் சாவியும் மென்பொருளில் இருப்பதால் அதை வைத்திருப்பவரும் இந்தச் சங்கிலியின் ஒரு கை ஆகிவிடுகிறார்.

வீட்டளவில் நடப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே அதிர்வெண்ணில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் சேர்ந்து வருவதால், அந்த அதிர்வெண்ணில் சிக்னல் தேய்ந்தால் அத்தனையும் ஒன்றாகக் கட்டம் கட்டமாக உடைந்து மறையும். கம்பம் மாறும் இடத்தில் துருப்பிடித்த இணைப்பு, மழைநீர் இறங்கிய ஒயர், ஒரே ஒயரை மூன்று வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள். தெருவிலுள்ள பூஸ்டருக்கு மின்சாரம் அந்தத் தெருவிலிருந்தே எடுக்கப்படுகிறது. மின்தடையின்போது வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து டிவி ஓடினாலும் படம் வராததற்கு அதுவே காரணம். ஒரு சேனல் மட்டும் தெரியாமல் மற்றவை துல்லியமாக வந்தால் ஒயரில் குறையில்லை. பேக்கேஜையோ ஒப்பந்தத்தையோ பார்க்க வேண்டும்.

உள்ளூர்ச் சேனல்கள்

செயற்கைக்கோள் வழியே வராமல் ஊரிலேயே தயாராகும் சேனல்களும் வரிசையில் உண்டு. திருவிழா நேரலை, பழைய படங்கள், நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் இவற்றின் உள்ளடக்கம். அனலாக் காலத்தில் ஆபரேட்டரே ஒரு பிளேயரை இணைத்து இதை ஓட்ட முடிந்தது. டிஜிட்டலில் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் சிற்றூர்ச் சேனல்கள் பல நின்றன. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய சேனல்கள் மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் ஒவ்வொன்றையும் 1,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வரையறுத்தன.

யாரிடம் கேட்பது

பேக்கேஜில் இல்லாத சேனலை ஆபரேட்டரிடம் பெயர் சொல்லித் தனியாகக் கேட்கலாம். அவர் மறுத்தால் கேபிள் நிறுவனத்தின் இலவச அழைப்பு எண்ணில் புகார் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். அங்கும் தீராவிட்டால் நிறுவனம் நியமித்திருக்க வேண்டிய நோடல் அலுவலரிடம் போகலாம். அரசு கேபிள் இணைப்பென்றால் மாவட்ட அளவில் கேபிள் டிவிக்கான தனி வட்டாட்சியர் இருக்கிறார். கேபிள் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர் மாவட்ட ஆட்சியர். தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல் வராமலிருந்தால் அவரிடம் நேரடியாக முறையிடலாம். சேனல் நிறுவனத்துக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே ஒப்பந்தம் முடிவாகும்வரை அந்தச் சேனல் எந்தப் பேக்கேஜிலும் கிடைக்காது.

(தொடரும்)