பூட்டிய வீட்டின் குடிகள்

வேலணைத் தீவிலே, சிந்தாத்திரை மாதா கோயிலும் வெண்மணற் கரையும் நன்னீர்க் கிணறுகளும் கொண்ட சாட்டியிலும் அதன் அயற்கிராமங்களிலும், 1990-ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் ஆளரவம் குறைந்து, உரிமையாளர் கடல் கடந்து வாழ்வதால் வருஷத்திற் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் அநேகம். விடுமுறைக்கு வந்து கதவைத் திறப்போர், தரையிலே சிறிது தூளைக் கண்டமாத்திரத்தில் ‘கறையான் அரிச்சுப்போட்டுது’ என்று தீர்ப்புக் கூறி, மருந்தடிக்க ஆளனுப்பிவிடுகின்றனர். பூச்சியைத் தேடுமுன் அதன் எச்சத்தைப் பரீட்சித்தால், இச்செலவில் பாதி மிஞ்சும் என்பது என் அபிப்பிராயம்.

மண்ணிலிருந்து சுவரோரமாக மண்குழாய் கட்டி ஏறிவரும் கறையானை எவரும் அறிவர். ஆனால், மண்ணையே தீண்டாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து பெருகி மடிகின்ற வேறொரு ஜாதியும் உண்டு. யன்னல் நிலையின் கீழோ பழைய பெட்டகத்தின் அடியிலோ கசகசா போன்ற சிறு மணிகள் குவிந்திருக்குமாயின், அவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டைகளுடன் காணப்பட்டால் அது அந்த மரக்கறையானின் எச்சமேயாகும். அதற்காக நிலத்தைத் தோண்டி மருந்து ஊற்றுவது வீண்விரயம். பழுதான பலகையை மாற்றுவதோ துளைகளுக்குள் மருந்தைச் செலுத்துவதோதான் உபாயம். மணியாக இராமல் விரலிடையே மாவாகத் தேயுமானால், அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை. மாம்பலகை, மூங்கில், இறப்பர் மரத் தளபாடம் முதலிய மாச்சத்து மிகுந்தவற்றையே அது நாடும்.

தீவகத்தாருக்கு மிக அணுக்கமானதும், அவர்கள் பெயர் சொல்லி அறியாததுமான ஜந்து புகையிலை வண்டு. புகையிலைத் தோட்டமும் சுருட்டுக் கொட்டிலும் பிரசித்தி பெற்ற யாழ்ப்பாணத்தில் இவ்வண்டு வாழ்வது விநோதமன்று; ஆனால் அது புகையிலையோடு வந்ததென்று எண்ணினால் பிழை. அமெரிக்காவிலிருந்து புகையிலை பழைய உலகத்தை அடைவதற்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு முற்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையிலேயே அதன் உடல்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமும் செம்மண்ணிறமும் கூனிய முதுகும் கொண்டு, தலையை மார்புக்கடியில் மடக்கி வைத்திருக்கும் இவ்வண்டு, செத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள், உலர்ந்த மூலிகை எதையும் விலக்குவதில்லை. பிற பூச்சிகளைக் கொல்லும் நிக்கொட்டின் இதனை வருத்தாமைக்கு, குடலோடு ஒட்டி வாழும் ஒருவகை நுண்பூஞ்சை துணைபுரிவதாகக் கருதப்படுகிறது. நஞ்சுகள் பலவற்றைச் சிதைப்பதோடு, உணவிலே கிடைக்காத உயிர்ச்சத்துகளையும் அதுவே அளிக்கிறது. இத்தகைய கூட்டாளியை வயிற்றில் வைத்திருப்பதற்கு, மிளகாயின் காரம் ஒரு பொருட்டா!

வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளிலும் வண்டு வருவதேன் என்று கேட்பார்கள். வறுக்கும் சூட்டில் முட்டையும் புழுவும் மாண்டுபோவது உண்மையே. திரித்த பின்னர் பழைய தூளின் மிச்சம் ஒட்டிய போத்தலிலோ மெல்லிய பொலித்தீன் பையிலோ அதைக் கொட்டிவைக்கும்போதுதான் வினை மீண்டும் தொடங்குகிறது, ஏனெனில் இப்புழு பொலித்தீனைத் துளைக்க வல்லது. ரொறன்ரோவுக்கோ பாரிசுக்கோ பொதி அனுப்புவோர், தூளை இறுக மூடி, உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வைத்தெடுத்து அனுப்பினால், வண்டு உடன் பிரயாணம் செய்யாது. களஞ்சியங்களில் நெல்லுக்கு வைக்கும் அலுமினியம் பொஸ்பைட் குளிகையை மாத்திரம் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது வெளிவிடும் வாயுவுக்கு மாற்று மருந்தே கிடையாது.

புத்தக அலுமாரியில் குற்றவாளிகள் இருவர். பழி பெரும்பாலும் ஒருவர் மேலேயே விழுகிறது. வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் இராமபாணப் பூச்சி, தாளின் மேற்பரப்பையும் கட்டடப் பசையையும் சுரண்டித் தின்னுமேயன்றி, ஏட்டுக்கு ஏடு வட்டத் துளையிட்டுச் செல்வதில்லை; அத்துளை வண்டுப்புழுவின் கைவண்ணம். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் ஏட்டுச்சுவடிகளைத் தேடியலைந்த காலத்தில் தமிழ் இழந்தவற்றுள் இப்புழுவுக்கும் கறையானுக்கும் இரையானவை எத்தனையோ! வசம்பை முடிந்துவைத்த முன்னோர் வழக்கத்தை நான் பரிகசிக்கமாட்டேன். துளை விழுந்த நூலைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகுளிரில் இரண்டு கிழமை வைப்பது அதனினும் நிச்சயமானது. நப்தலின் உருண்டையோ, பிறப்பிலேயே ஒரு நொதியக் குறைவுள்ள குழந்தைகளின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது. பச்சைக்குழந்தையின் துணிகளுக்கிடையில் அதை வைப்பது தகாது.

இனி, சுவரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறத் தட்டைக் கூடு. ஒரு சென்ரிமீற்றர் அளவில், இரு நுனியும் கூர்ந்து நடு அகன்ற இதைத் தூசியென்றே பலர் கருதுவர். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் உள்ளிருந்து ஒரு புழு தலைநீட்டிக் கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும், தட்டினால் உள்ளேயே திரும்பி மறுவாசலால் எட்டிப்பார்க்கும். மணலும் நூலும் கொண்டு இக்கூட்டைக் கட்டும் அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பழைய சிலந்திவலையே பிரதான ஆகாரம். ஆகவே இதற்கு மருந்து வேண்டியதில்லை, ஒட்டறைக்கம்பே போதும். இதற்கும், இராமபாணத்துக்கும், நனைந்த தாளிலே ஊரும் புத்தகப் பேனுக்கும் பொதுவான தேவை ஈரக்காற்று. மாரிமழை ஓய்ந்ததும் சாவியை அயலவரிடம் கொடுத்து, கிழமைக்கொரு தடவையேனும் யன்னல்களைத் திறந்து, பெட்டகங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சோளகம் உள்ளே புகுந்து வீசட்டும்.