மணற்கரைக் கிணறுகளில் உவர் ஏறுவதேன்? ஈச்சிலம்பற்றுக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

ஈச்சிலம்பற்றுப் பகுதியின் கமத்தொழிலுக்கு நீர் இரு வழிகளில் கிடைக்கின்றது. நெல்வயல்களுக்கு மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறும் மழையும் நீர் தருகின்றன. கடற்கரையை அடுத்த மணல் நிலத்துத் தோட்டங்களுக்கோ கிணறும் பூவலுமே துணை. ஆற்றில் நீர் குறைந்தால் அதனை எவரும் கண்ணாற் காணலாம். கிணற்றில் உவர் ஏறுவதை அவ்வாறு காணல் இயலாது. மிளகாய்க் கன்றின் இலை விளிம்பு கருகத் தொடங்கிய பின்னரே பலர் அதனை அறிகின்றனர்.

உவர் ஏறிவிட்டது என்று அறிந்ததும், கிணற்றை அடிவரை இறைத்துக் கழுவினால் நல்ல நீர் ஊறும் என்று கருதி, நாள் முழுவதும் யந்திரத்தை ஓட விடுவோர் உளர். மணற்கரைக் கிணறுகளில் இச்செயல் நன்மைக்கு மாறாகத் தீமையையே விளைக்கக்கூடும். அதன் காரணத்தையும், செய்யத்தக்கது யாது என்பதையும் கமக்காரர் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

1. மணலின் அடியில் இருக்கும் நன்னீர்

இலங்கையின் தரைக்கீழ் நீர்வளத்தைப் பற்றி 2005 ஆம் ஆண்டில் நூலொன்று எழுதிய மண்ணியல் அறிஞர் பானபொக்கேயும் பெரேராவும், நாட்டின் நீர்தாங்கு படைகளை ஆறு வகையாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று கரையோர மணலில் ஆழமின்றி அமைந்த நீர்ப்படையாகும். கிழக்குக் கரையின் மணல் திடல்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்த நீர் தொலைவிலிருந்து நிலத்தின் கீழாக ஓடி வருவதன்று. திருகோணமலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும் பகுதி ஐப்பசி முதல் தை வரையான வாடைக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. அம்மழையின் ஒரு பங்கு மணலினூடே இறங்கித் தங்குகின்றது. கிழக்கே கடல், மேற்கே களப்பு அல்லது கழி என்றவாறு இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த மணல் திடலில், கீழேயும் உவர்நீரே உண்டு. மழையாற் சேர்ந்த நன்னீர் அந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது.

விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டுப் பதர் பிரிக்கும் கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வெறும் நீரில் அமிழும் முட்டை, உப்பை மிகுதியாகக் கரைத்ததும் மேலெழுந்து மிதக்கின்றது. உப்புநீர் கனமானது என்பதே அதன் காரணம். அவ்வாறே கனம் குறைந்த நன்னீரும், கனமான கடல்நீரின் மேல் மணலுக்குள் மிதக்கின்றது. மணலின் துளைகள் சிறியனவாதலால் இரண்டும் விரைவிற் கலந்துவிடுவதில்லை.

2. நாற்பதுக்கு ஒன்று என்னும் கணக்கு

இவ்வுண்மையை 1888 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், 1901 ஆம் ஆண்டில் செருமானியரான ஏர்சுபெர்க்கு என்பவரும் தனித்தனியே கணித்துக் கூறினர். 40 படி கடல்நீரின் நிறை ஏறத்தாழ 41 படி நன்னீரின் நிறைக்குச் சமமாகும். ஆதலால், தரைக்கீழ் நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்க இயலும்.

இக்கணக்கின் மறுபக்கமே கமக்காரர் கருத்திற் கொள்ளவேண்டியது. மிகுதியாக இறைத்து அந்த மட்டத்தைக் கால் அடி, அதாவது மூன்று அங்குலம், தாழ்த்தி அவ்வாறே வைத்திருப்பின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் பத்து அடி மேலேறும். மணலின் தன்மை, களிப்படை, பாறையின் ஆழம் ஆகியவற்றால் இவ்வளவு மாறுபடலாம். ஆயினும், மேலே சிறிதளவு குறைந்தால் கீழே பெரிதளவு இழக்கப்படும் என்பது எங்கும் உண்மையே.

இதனோடு இன்னொன்றும் நிகழ்கின்றது. வலிய யந்திரத்தால் ஒரே கிணற்றிலிருந்து விரைவாக இறைக்கும்போது, அக்கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவாக மேலெழுகின்றது. அதன் நுனி கிணற்றின் அடியைத் தொட்டதும் நீர் உவர்க்கின்றது. யந்திரத்தை நிறுத்தினால் கூம்பு மெல்லத் தாழும். ஆனால் ஏறிய விரைவில் இறங்காது; கலந்த உப்பின் ஒரு பகுதி நன்னீரிலேயே தங்கிவிடும்.

3. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது, கடல்நீர் திறந்த கிணறுகளினுள் நேரே புகுந்தது. பள்ளங்களில் தேங்கி மணலினூடும் இறங்கியது. உயிரிழப்பும் உடைமையிழப்பும் போக எஞ்சியோர்க்குக் குடிநீரும் இல்லாது போயிற்று. கிணறுகளைத் தூய்மையாக்கும் பொருட்டுப் பல இடங்களில் அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். அன்றைய நிலையில் அது இயல்பான முயற்சியே. எனினும் அதன் பயன் யாது என்பதை அறிவியலார் பின்னர் ஆராய்ந்தனர்.

மெத்திகா விதானகேயும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் கிழக்குக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் அகலமான நிலத்துண்டொன்றைத் தேர்ந்தனர். அங்கே 15 கிணறுகளிலும், ஆய்வுக்கென இறக்கிய 20 குழாய்களிலும் 2005 ஒக்தோபர் முதல் 2006 செத்தெம்பர் வரை நீரைச் சோதித்தனர். அவர்களின் முடிவுகள் 2009 ஆம் ஆண்டில் வெளியாயின.

உவரின் அளவை மின்கடத்துதிறன் கொண்டு கணிப்பர்; அதன் அலகு மீற்றருக்கு டெசிசீமன்சு ஆகும். இறைப்பினாற் கலைக்கப்படாத பகுதியில், 2005 நவம்பர் முதல் 2006 மார்ச்சு வரை பெய்த மழையால் உவர் 3 அலகிலிருந்து 1.2 அலகுக்குக் குறைந்தது. கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப்பட்ட பகுதியிலோ, அதே மழை பெய்தும் உவர் மேலும் குறையாது அந்நிலையிலேயே நின்றது. அளவுக்கு மிஞ்சிய இறைப்பினால் நன்னீர்ப் படை குலைந்து, கீழிருந்த உவர்நீர் மேலெழுந்து கலந்தமையே இதற்குரிய காரணமாகலாம் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

மழை செய்த வேலையை யந்திரம் செய்யவில்லை. மழை செய்யவிருந்த வேலையையும் அது தடுத்தது. மணற்கரையிற் பயிர் செய்வோர் மறவாதிருக்கத்தக்க பாடம் இதுவேயாகும்.

4. உவரை அளந்தறிதல்

நாவினாற் சுவைத்து அறியும் முன்னரே பயிர் உவரை உணர்ந்துவிடும். ஆதலால் சுவையை நம்பியிராமல், மின்கடத்துதிறன் காட்டும் கருவியால் நீரைச் சோதித்தல் வேண்டும். நீர் மாதிரியைத் தூய போத்தலில் எடுத்து, கிணற்றின் அடையாளத்தையும் தேதியையும் எழுதி, விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக.

பாசன நீரில் 0.7 அலகுக்குக் குறைந்த உவர் எப்பயிரையும் பெரிதும் பாதிக்காது. 0.7 முதல் 3 வரை இருப்பின் பயிரைத் தெரிந்து கவனமாகப் பாய்ச்சவேண்டும். 3 அலகுக்கு மேற்பட்டால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50 அலகாகும்.

ஆண்டில் மூன்று முறையேனும் சோதித்தல் நன்று: மாரி மழை தொடங்குமுன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் மாசி மாதத்தில் ஒருமுறை, கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டத்தின் ஆழத்தையும் கயிற்றால் அளந்து கொப்பியிற் குறித்து வைக்க. ஓரிரு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்ததும், எந்த ஆழத்துக்கு மேல் இறைத்தால் உங்கள் கிணறு உவர்க்கும் என்பதை நீங்களே கூறுவீர்கள்.

5. மணற்கரைக் கிணற்றில் நீர் இறைக்கும் முறை

(அ) ஒரே தடவையில் நெடுநேரம் இறைக்காது, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைக்க. இடையில் நீர்மட்டம் பழைய நிலைக்கு வர விடுக.

(ஆ) ஆழமான ஒரு கிணற்றினும், இடைவெளி விட்டு அமைந்த ஆழங்குறைந்த பல கிணறுகளே மேலானவை. நீர் குறைந்ததென்று கிணற்றை மேலும் ஆழமாக்குதல், உவர்நீரை நாமே தேடிச் செல்வதாகும்.

(இ) யந்திரத்தின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் வைக்காது, நீரின் மேற்பகுதியில் நிற்குமாறு அமைக்க.

(ஈ) கடலோரத்தையும் கழியோரத்தையும் விட்டு, திடலின் நடுப்பகுதியிற் கிணறு அமைக்க. நன்னீர்ப் படை அங்கேயே பொதுவாகத் தடித்திருக்கும்.

(உ) கிணறு உவர்த்துவிட்டால், அடிவரை இறைத்துக் கழுவ முயலாது ஓய்வு கொடுத்து மழைக்குக் காத்திருக்க. கடல்நீரோ வெள்ளமோ கிணற்றினுள் நேரே புகுந்துவிட்டால் மாத்திரம், சேற்றையும் குப்பையையும் அகற்றி, புகுந்த நீரை ஒருமுறை மெதுவாக வெளியேற்றலாம். வெளியேற்றும் நீரைக் கிணற்றின் அருகே விடலாகாது.

6. தோட்டப் பயிர்களுக்கு

எல்லாப் பயிரும் உவரை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உவர் கத்தரிக்கு 1.1, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5 அலகைத் தாண்டியதும் விளைவு குறையத் தொடங்கும். கௌபி ஏறத்தாழ 4.9 அலகு வரை தாங்கும். எல்லையைத் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் வெங்காயத்தில் நூற்றுக்கு 16 பங்கும், மிளகாயில் 14 பங்கும் விளைவு குறையும். உதாரணமாக, 3.5 அலகு உவருள்ள மண்ணில் மிளகாய் நட்டவர் நூறு இறாத்தலுக்கு 28 இறாத்தலை இழப்பார். ஆதலால் மழை ஓய்ந்து நீர் நன்றாக இருக்கும் மாதங்களில் வெங்காயத்தையும் மிளகாயையும் முடித்துக்கொண்டு, நீர் உவர்க்கும் மாதங்களில் கௌபி போன்றவற்றைப் பயிரிடுதல் புத்தி.

சால் முறையில் நீர் பாய்ச்சும்போது உப்பு வரம்பின் உச்சியிற் சேரும். ஆகவே கன்றை உச்சியில் நடாது பக்கச் சரிவில் நடுக. சிறிது உவர்த்த நீரை நண்பகலில் இலைமேல் தெளித்தல் ஆகாது. அடியில் ஊற்றுக, இயலுமாயின் சொட்டு நீர்ப்பாசனம் செய்க. வைக்கோலும் சருகும் கொண்டு நிலத்தை மூடினால் ஈரம் காக்கப்படும். இறைக்கும் நீரும் குறையும். கூட்டெருவும் மணலுக்கு நீர்ப்பிடிப்பைத் தரும்.

7. நெல்வயல்களுக்கு

நெல் முளைக்கும்போது உவரை ஓரளவு பொறுக்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அது பெரிதும் பாதிக்கப்படும். மண்ணின் உவர் 3 அலகைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு 12 பங்கு விளைவு குறையும். கழியோர வயல்களில் வரம்பை உயர்த்தி முதல் மழைநீரைத் தேக்கி, சில நாட்களின் பின் வடிகாலால் வெளியேற்றி, மீண்டும் நல்ல நீரைத் தேக்குக. வடிகால் இல்லாத வயலில் இம்முறை பயன் தராது. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.ரீ. 354 என்னும் இனம் உவரைத் தாங்கவல்லது. அதன் பொருத்தத்தையும் விதை கிடைக்கும் வழியையும் போதனாசிரியரிடம் கேட்டறிக.

ஆற்றில் நன்னீரோட்டம் குறையும் காலத்தில் முகத்துவாரத்தினூடே உவர்நீர் உள்ளேறும். ஆகவே முகத்துவாரத்துக்கு அண்மையில் ஆற்றுநீரை இறைக்குமுன் அதனையும் சோதிக்க.

8. ஊர் கூடிச் செய்யவேண்டியவை

கிணறு ஒருவருக்கு உரியதாகலாம். அதன் கீழுள்ள நன்னீர்ப் படையோ ஊருக்குப் பொதுவானது. ஒருவர் அளவறிந்து இறைத்தும், அயலவர் அளவின்றி இறைப்பாராயின் இருவர் கிணறும் உவர்க்கும். எனவே அயற்றோட்டக்காரர் கூடி இறைக்கும் முறையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

மணல்மேடுகளை அகழ்ந்து விற்றல் மற்றுமொரு கேடாகும். மேட்டு மணல் மழையை ஏந்தும் பாத்திரமாகும். அது போனால் நன்னீர் தங்குமிடமும் போகும், கடலுக்குத் தடையும் போகும். உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. நாற்பதுக்கு ஒன்று என்னும் கணக்கை நினைவு கூர்வோர் இதன் பொருளை அறிவர்.

கமக்காரர்களே, மாரி மழை தந்த நன்னீர் அடுத்த மாரி வரை உங்கள் மணலின் கீழே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை அளந்து எடுத்தால் ஆண்டுதோறும் கிடைக்கும். ஒரே போகத்தில் அள்ளிவிட முயன்றால் அடியிலுள்ள கடலே மேலேறும். இம்மாரி தொடங்குமுன் உங்கள் கிணற்று நீரை ஒருமுறை சோதித்து, அளவைக் குறித்து வைப்பதே நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை.