காருக்கு அலாரம்: நாமே மாட்டலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா?

காரைக்கால்,

ராத்திரி வாசலில் நிறுத்திய கார், காலையில் கதவைத் திறந்தால் இல்லை! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது அல்லவா?

காரைக்கால்காரர்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்குக் கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். வடக்கே போனால் தரங்கம்பாடி. திருடன் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், "பி.ஒய்.02" நம்பர் வண்டி அடுத்த மாநிலத்துப் போலீஸ் எல்லைக்குள் போய்விடும்.

அதனால்தான் பலரும் "ஒரு அலாரம் வச்சிடலாம்" என்று கிளம்புகிறார்கள். செட் வாங்குவது சுலபம். பிறகுதான் சந்தேகம். "நாலு ஒயர்தானே, நாமே மாட்டிக்கலாமே!" என்பார் ஒருவர். "வேண்டாம்பா, கைவச்சா வண்டியே கெட்டுடும்" என்பார் இன்னொருவர்.

இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்த வேலையை நாம் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், வண்டியும் பத்திரம்.

அந்தக் காலம் வேறு

அம்பாசிடர், பியட் ஓடிய நாளில் காரின் ஒயரிங்கை ஒரு தாளில் வரைந்துவிடலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-கூட அப்படித்தான். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் சைரன் மாட்டிவிடுவார்.

இன்றைய கார் அப்படியல்ல. உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் புது கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் நிற ஒயரோ, மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் கை வைக்கவே கூடாது. பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைக் கண்ட ஒயரில் குத்திப் பார்ப்பதும் ஆபத்து. கம்ப்யூட்டர் பழுதாகலாம். ஏர்பேக் வெடித்து முகத்தில் அடிக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

இப்போது பல மாடல்களுக்கு ஒயரை வெட்டாமல் கப்ளரில் அப்படியே சொருகும் செட் கிடைக்கிறது. இதைக் கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாட்டலாம். ஆனால் நாலு விஷயம் முக்கியம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத ஒயர் தகரத்தில் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்கும். என்ஜின் பக்கமிருந்து உள்ளே ஒயர் வரும் துவாரத்தில் ரப்பர் புஷ் அவசியம். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிரம்பி ஊமையாகிவிடும்.

கடற்கரை ஊருக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. எர்த் ஒயரைப் பெயிண்ட் மேல் முறுக்கினால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். பெயிண்டைச் சுரண்டி, சுத்தமான தகரத்தில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

இதைத் தொடாதீர்கள்!

சத்தம் போடுவது ஒரு வேலை. என்ஜினைக் கிளம்பவிடாமல் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு ரிலே வைக்க வேண்டும். இது தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். ஸ்டார்ட்டர் ஒயரில் வைத்த ரிலே பழுதானால் வண்டி கிளம்பாது. அவ்வளவுதான். பெட்ரோல் பம்பு ஒயரிலோ, இக்னிஷன் ஒயரிலோ அரைகுறையாக வைத்தது பழுதானால், ஓடும்போதே என்ஜின் நின்றுவிடும். நாகூர் ரோட்டில் பின்னால் லாரி வரும்போது இப்படி நடந்தால்? திருடனிடமிருந்து காரைக் காப்பாற்றப் போய் உயிரையா கொடுப்பது?

இதில் ஒரு சேதி. இன்றைய பல கார்களின் சாவியிலேயே இந்தத் தடுப்பு இருக்கிறது. "இம்மொபிலைசர்" என்று பெயர். அசல் சாவி இல்லாமல் என்ஜின் உயிர் பெறாது. ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதல் புது கார்களில் இது கட்டாயமானது. உங்கள் காரில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். இருந்தால் தனி ரிலே எதற்கு?

வெளிநாட்டில் இருப்பவர் கார்

நம் ஊரில் பல வீடுகளில் கார் மாதக்கணக்கில் நிற்கிறது. சொந்தக்காரர் துபாயில், சிங்கப்பூரில், பிரான்சில்.

அலாரம் தூங்காது. 24 மணி நேரமும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், 30 நாளில் சுமார் 14 ஆம்பியர் அவர். சின்னக் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் அவர் அளவுதான். இரண்டு மாதத்தில் பேட்டரி படுத்துவிடும். பேட்டரி செத்தால் அலாரமும் செத்தது! வாரம் ஒருமுறை யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

புலி வருது கதை

அதிர்ச்சி உணரும் கருவியை அதிகமாகத் திருகி வைத்தால், லாரி போனாலும் கத்தும், மாங்கனித் திருவிழாவில் மேளம் அடித்தாலும் கத்தும். திருநள்ளாறு பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக் கதவு பட்டாலும் கத்தும். நாலு நாள் பொய்யாகக் கத்தினால், ஐந்தாவது நாள் நிஜத் திருடன் வரும்போது யாரும் ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். சைரனோ 100 டெசிபலைத் தாண்டும். எனவே அரை நிமிடத்தில் தானே அடங்கும்படி செட் செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கூலி கொடுத்தால் மட்டும் வேலை சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, இருபது நிமிடத்தில் "முடிஞ்சுது சார்" என்பவரும் உண்டு. வெயிலில் டேப்பின் பசை உருகும், ஒயர் கழன்று தொங்கும்.

வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைப்பாரா? பியூஸ் எங்கே? ரிலே எந்த ஒயரில்? கம்பெனி வாரண்டி போகுமா? ரசீது தருவாரா?

ரசீது ரொம்ப முக்கியம். 2002-ம் ஆண்டின் மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதியில் திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தள்ளுபடி உண்டு. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஆனால் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற கருவியாக இருக்க வேண்டும். பொருத்தியதற்கு ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்று வேண்டும். வீட்டில் நாமே மாட்டியதற்கு இது கிடைக்காது. 2007-க்குப் பிறகு கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, கப்ளரில் சொருகும் சைரன் என்றால் நீங்களே மாட்டுங்கள். ஒயரை வெட்ட வேண்டும், என்ஜினை நிறுத்த வேண்டும் என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டீ குடிக்க இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்கு எந்த அலாரமும் கத்தாது!