சுற்றி வருவோரின் பேறுகாலம்

கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்பது தொல்காப்பிய மரபியல் வகுத்த முறை. அவற்றைப் 'பறழ்' என வழங்கினும் குற்றமில்லை என்று அவ்வியலே இசைவளிக்கிறது. வெருகினைப் 'பூசை' என்று அழைப்பதும் கடியப்படவில்லை. இவற்றுள் பறழ் வழக்கொழிந்தது. குட்டி இன்றும் நம் வீடுகளில் ஓடி விளையாடுகிறது. குறுந்தொகையில் மதுரைக் கண்ணனார் படைத்த தலைவி, துயில் கலைத்த சேவலைச் சினந்து, நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகின் பிள்ளைக்கு அது இரையாகட்டும் என்கிறாள். இலக்கணம் குட்டி என்று விதித்ததைப் புலவர் பிள்ளை என்று அழைத்துவிட்டார். அது மரபு வழுவா, அன்பா என்பதை மாணவர்கள் வகுப்பறையில் வாதிடலாம். நாம் இங்கு எடுத்துக்கொண்டது அப்பிள்ளையைப் பெற்ற தாயைப் பற்றி.

வேப்பந்தட்டை வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேரும்போது எலியும் உடன் வந்து சேர்கிறது. எலியைத் தொடர்ந்து பூனை வருகிறது. சாக்கு மூட்டைகள் அடுக்கிய அறையில் இரவெல்லாம் காவல் காப்பதற்கு அதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. ஆயின் அப்பூனை பரணிலோ பழந்துணிப் பெட்டியிலோ குட்டி ஈன்றுவிட்டால் நம் முகம் மாறிவிடுகிறது. கண் திறவாத குட்டிகளைச் சாக்கில் இட்டு ஏரிக்கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவரும் வழக்கம் இப்பகுதி ஊர்களில் இன்னும் மறையவில்லை.

நம் இளமையில் நம் வீட்டிலும் அவ்வாறு நிகழ்ந்தது. நான்கு குட்டிகள் இருந்த பையைச் சுமந்து சென்று ஏரிக்கரைப் புதரருகே வைத்துவிட்டு வரும் பணி நமக்கே இடப்பட்டது. வீடு திரும்பியபோது தாய்ப்பூனை பரணுக்கும் முற்றத்துக்குமாக அலைந்து கொண்டிருந்தது. மூன்று நாள் அதன் குரல் ஓயவில்லை. பால் கட்டி மடி சிவந்திருந்ததைக் கண்ட பாட்டியார் அன்று உணவு கொள்ளவில்லை. "இது பாவமில்லையா வாப்பா?" என்று நாம் கேட்டதற்குத் தந்தையார் விடை கூறாமல் எழுந்து சென்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்ய அவர்தம் மருமகள் கப்ஷா நீர் ஊற்றிவைத்தார். பூனையொன்று அந்நீரை நாடி வந்தது. அது குடித்து முடிக்கும்வரை அப்பெரியவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானது அன்று, அது உங்களைச் சுற்றி வருவோரைச் சேர்ந்தது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார். இச்செய்தி முவத்தா, அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண் தண்டனைக்குள்ளான செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காணப்படுவது. நம் வினாவுக்கு மிக நெருங்கிய விடையோ அபூதாவூத் தொகுப்பில் உள்ள பறவைச் செய்தியில் இருக்கிறது. தோழர்கள் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபியவர்கள், அதன் பிள்ளைகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள்.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். ஆடையின்மேல் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபியவர்கள் சட்டைக் கையை வெட்டினார்கள் என்னும் கதை மேடைகளில் மிகுதியும் சொல்லப்படுகிறது. பெயர் பெற்ற ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு ஆதாரமில்லை. அதையொத்த நிகழ்ச்சி ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறைநேசர் அஹ்மது ரிஃபாயீ அவர்களைப் பற்றியே வழங்குகிறது. உறுதியான சான்றுகள் இத்தனை இருக்க, உறுதியற்றதை ஏன் நாட வேண்டும்?

இனிப் பேறுகாலத்தைக் காண்போம். பூனையின் சூல்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். அதாவது 63 முதல் 65 நாள். இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் முலைக்காம்புகள் சிவந்து தடிக்கும். நாள் நெருங்கியதும் தாய் இருண்ட மூலைகளைத் தேடும், உணவைத் தவிர்க்கும். அப்போது உயரமான விளிம்புள்ள ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, அரவமற்ற அறையில் வைத்துவிட்டால் போதும். கடுவன் பூனை நுழைய இயலாத அறையாக அது இருத்தல் வேண்டும். பிற கடுவன்கள் குட்டிகளைக் கொல்வதுண்டு.

பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள், பத்து நிமிடம் முதல் ஒரு மணி வரையிலான இடைவெளிகளில் பிறக்கும். தாயே பனிக்குடத்தைக் கிழித்து, நக்கித் துடைத்து, கொப்பூழ்க்கொடியைக் கடித்துத் துண்டிக்கும். நஞ்சுக்கொடியை அது உண்பதும் இயல்பே. நாம் தள்ளி நின்று பார்ப்பதே பேருதவி. தாய் களைத்துக் குட்டியைக் கவனியாவிடில் மட்டும், தூய துணியால் குட்டியின் வாயையும் மூக்கையும் துடைத்து, மூச்சு வரும்வரை உடலை மெல்லத் தேய்க்க வேண்டும். அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிடில் கால்நடை மருத்துவரை நாடுவதில் தாமதம் கூடாது. ஊர்ப்புற மருந்தகங்களில் ஆடுமாடுகளையே மிகுதியும் காண்பர். எனவே பூனைக்கு மருத்துவம் செய்வோர் எங்குளர் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது அறிவுடைமை. மனிதருக்குரிய பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலென்று எண்ணி அதனைக் கொடுத்துக் கொன்றோர் உளர்.

பிறந்த குட்டி ஏறக்குறைய நூறு கிராம் எடை இருக்கும். கண்ணும் செவியும் மூடியிருக்கும். ஏழு முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். அதுவரை மணமும் வெதுவெதுப்புமே அதன் உலகம். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. தாய் நக்கிவிட்டாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் இயலாது. முதல் நாளின் சீம்பாலே அதற்கு நோய்க் காப்பு. ஆகவே அக்குட்டியை ஏரிக்கரையில் விடுதல் என்பது எங்கேனும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விடுவதன்று. சில மணி நேரத்தில் குளிர்ந்து மடிய விடுவதே. அன்று பை சுமந்தபோது நாம் இதனை அறிந்திலோம்.

பூனை தன் குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்பர் நம் முதியோர். எண்ணிக்கை எவ்வாறாயினும், பிறர் அடிக்கடி எட்டிப் பார்த்தால் அது பிடரியைக் கவ்விக் குட்டிகளை இடம் பெயர்ப்பது உண்மை. தாயின் கவ்வலில் குட்டி தன் முயற்சியின்றித் தொங்கும் இக்காட்சியையே இறையருளுக்கு உவமையாக்கி, வைணவப் பெரியோர் மார்ச்சார நியாயம் வகுத்தனர். தாயற்ற குட்டிக்குப் பசும்பால் ஒவ்வாது, கழிச்சலை உண்டாக்கும். மருத்துவர் கூறும் மாற்றுப்பாலை, குட்டியைக் குப்புற வைத்தே, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

நான்காம் வாரத்தில் மென்மையான உணவு தொடங்கலாம். எட்டு வாரம் நிறைவதற்குமுன் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. அந்த எட்டு வாரத்துக்குள் உற்றார் வீடுகளிலும் மக்காச்சோளக் கிடங்கு வைத்திருப்போரிடமும் கேட்டு வைத்தால், எலிக்கு அஞ்சும் வீடுகள் நம் வட்டாரத்தில் குறைவல்ல. வளர்ப்புயிரைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகுமாறு கைவிடுதல் 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

"ஆண்டுக்கு இருமுறை ஈன்றால் எத்தனைக்குத்தான் வீடு தேடுவது?" என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயமே. பாலூட்டும் காலத்திலேயே பூனை மீண்டும் சூல் கொள்ளக்கூடும். குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்வித்தலே இதற்கு வழி. இதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருக்குக் கேடின்றி, நன்மை கருதிச் செய்யலாம் என்போர் பலர். ஐயமுள்ளோர் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். கேட்கும்போது சாக்கில் கட்டி விடுவதைப் பற்றியும் சேர்த்துக் கேட்பது நல்லது. தந்தையார் எழுந்து சென்ற அந்த வினாவை நாம் இப்போது நம் வீட்டில் கேட்பதில்லை. பரணில் பூனை கத்தும் நாள்களில் நம் பிள்ளைகளே அட்டைப்பெட்டியும் துணியும் தேடத் தொடங்கிவிடுகின்றனர்.