வாக்குச்சீட்டும் கரும்பலகையும்

கல்வியின் நோக்கம் யாது என்ற வினா மிகப் பழைமையானது. தொழிலுக்கு ஆயத்தம் செய்வது என்பர் சிலர். ஒழுக்கத்தை வளர்ப்பது என்பர் வேறு சிலர். மக்கள் தம்மைத் தாமே ஆளும் முறைமையை ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டில் இவ்வினா மற்றொரு வடிவத்தைப் பெறுகின்றது. எழுத்தறிவு பெற்ற பின்னர்தான் வாக்குரிமை வழங்கப்பட வேண்டுமா, அல்லது வாக்குரிமை வழங்கப்பட்டாலன்றி எழுத்தறிவு கிட்டாதா? இவ்வினாவுக்கு நடைமுறையில் விடை கண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அந்த விடையின் ஒரு பாதியை மாத்திரமே நாம் பெருமையுடன் பேசி வருகின்றோம்.

1927இல் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த தலைவர்களுள் பெரும்பாலானோர் வாக்குரிமையைப் படிப்பாலும் சொத்தாலும் வரையறுக்க வேண்டுமென்றே கோரினர். இலங்கைத் தேசிய காங்கிரஸின் நிலைப்பாடும் அதுவே. சேர் பொன். இராமநாதனும் சர்வஜன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க போன்ற மிகச் சிலரே அதனை ஆதரித்து நின்றனர். கல்லாதவன் கையில் வாக்குச்சீட்டைக் கொடுப்பது குழந்தையின் கையில் கத்தியைக் கொடுப்பது போன்றது என்பதே அன்றைய படித்தவர்களின் எண்ணமாக இருந்தது. ஆணைக்குழு இதனை ஏற்கவில்லை. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்து அரசாங்க சபையைத் தெரிவுசெய்தனர்.

அடுத்து நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து ஆணைக்குழுவின் தீர்மானம் வீண்போகவில்லை என்பது தெளிவாகும். வாக்காளரை நாடிச் செல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட உறுப்பினர்கள் கிராமங்களுக்குப் பாடசாலை கேட்கத் தொடங்கினர். கல்வி அமைச்சராக விளங்கிய சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரையிலான இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் 50க்கும் மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. வாக்குச்சீட்டு முன்னே சென்றது. கரும்பலகை அதனைப் பின்தொடர்ந்தது. (இத்தனையும் செய்த கன்னங்கராவை 1947 பொதுத்தேர்தலில் மத்துகம வாக்காளர்கள் தோற்கடித்தனர் என்பதும் வரலாறே. வாக்குரிமை நன்றியுணர்வுக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை.)

நாம் பேசத் தவறுவது மற்றப் பாதியை.

மலையகப் பெருந்தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருக்கு 1931இன் வாக்குரிமைகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டுமென்ற நிபந்தனை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரமும், 1936இல் கோ. நடேசய்யரும் அரசாங்க சபைக்குச் சென்றனர். நடேசய்யர் பாடசாலை ஆசிரியராக மலையகத்துக்கு வந்தவரல்லர். எனினும் தோட்டத் தொழிலாளருக்குக் குடியியல் கற்பித்த முதல் ஆசிரியர் அவரே எனலாம். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட அக்காலத்தில் அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயன்களுக்குச் சென்றார் என்பர். பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என எழுத்தால் அவர் சொன்னதை, எழுத்தறியாதாரிடம் பாட்டாகக் கொண்டுசேர்த்தவர் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள். சட்டம் என்ன சொல்கிறது, சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, துரையிடம் எதனைக் கேட்கலாம் என்பனவே அவர்களது பாடத்திட்டம்.

தோட்டப் பாடசாலையின் பாடத்திட்டமோ வேறு. பெரும்பாலான தோட்டங்களில் பாடசாலை என்பது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது; பிள்ளைகளை வேலைக்கு எடுக்கவேண்டிய அதே நிர்வாகம்தான் அவர்களைப் படிக்க வைக்கவும் வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் அங்கு பாதை இல்லை. 1945இன் இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய பாடசாலையின் கதவைத் திறந்துவிட்டபோது, அதற்கு இரண்டு மைல் மேலே லயனில் வாழ்ந்த பிள்ளைக்கு அக்கதவு இருப்பதே தெரியாது.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எஸ். தொண்டமான் உள்ளிட்டோர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் தீண்டப்படாமல் விடப்பட்டன. அவற்றைக் கேட்பதற்கு வாக்காளரும் இல்லை, வாக்காளருக்கு அஞ்சும் உறுப்பினரும் இல்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பங்கிட்டபோது அவர்களது கருத்தை எவரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கா இங்கேயா என்று தெரியாத குடும்பம் தனது பிள்ளையை எந்த நாட்டுக்காகப் படிக்க வைக்கும்?

தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்டதையடுத்துப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு மாறின. 1977இல் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு அமைச்சருமானார். 1980களில் மலையகத்துக்கான ஆசிரியர் நியமனங்களும், ஸ்வீடன் நாட்டு உதவியுடனான பாடசாலை அபிவிருத்தித் திட்டமும் வந்தன. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003இல் சட்டம் இயற்றப்பட்டது. வாக்குரிமை ஒன்றே இம்மாற்றத்துக்குக் காரணம் என நாம் கூறவரவில்லை. தேயிலைத் தொழிலின் பொருளாதாரமும் தொழிற்சங்கங்களின் அழுத்தமும் இதில் சேர்ந்தே உள்ளன. ஆயினும் வாக்கு இருந்த இடத்தில் பாடசாலை வளர்ந்ததும், வாக்கு பறிக்கப்பட்ட இடத்தில் அது முப்பதாண்டு காலம் உறைந்து நின்றதும் தற்செயலாக நிகழ்ந்தவை அல்ல.

அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளரான ஜோன் டூயி 1916இல் வெளியிட்ட 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலில், ஜனநாயகம் வெறும் ஆட்சிமுறைக்கு மேலானது என்றும், மனிதர் கூடி வாழ்ந்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையே அது என்றும் விளக்கியிருந்தார். ஒரு சமூகத்தை மதிப்பிட அவர் இரு அளவுகோல்களைத் தந்தார். அதன் உறுப்பினர்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் நலன்கள் எத்தனை என்பது ஒன்று. ஏனைய சமூகத்தவருடன் அவர்கள் எவ்வளவு தாராளமாகக் கலந்து பழகுகின்றனர் என்பது மற்றையது. கைகளால் உழைப்போரையும் மூளையால் தீர்மானிப்போரையும் பிரித்து வைப்பது இரு தரப்பாரையும் குறைபடுத்தும் என்பதும் அவரது கருத்தாகும். தேயிலைத் தோட்டத்தைக் கண்முன் வைத்தே எழுதினாரோ என்று நமக்கு ஐயம் தோன்றுமளவுக்கு இக்கருத்து இங்கே பொருந்துகின்றது.

டூயியின் அளவுகோலை இன்றைய பாடசாலையில் வைத்துப் பார்த்தால் நாம் மகிழ்வதற்கு அதிகமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு ஏற்றிவிடும் ஏணியாகவே அமைக்கப்பட்டது. அது காலப்போக்கில் நகரத்துப் பிரபல பாடசாலையின் வாயிலில் நெரிசலிடும் ஓட்டப்பந்தயமாக மாறி, பத்து வயதுப் பிள்ளைகளை ரியூசன் வகுப்புகளுக்கு அனுப்பிவைத்தது. பக்கத்து இருக்கைத் தோழனைப் போட்டியாளனாகக் காணும் பழக்கத்தைப் பத்து வயதில் ஊட்டிவிட்டு, பின்னர் குடியியற் பாடத்தில் ஒத்துழைப்பின் சிறப்புகள் ஐந்தினை எழுதுக என்று கேட்கின்றோம். பிள்ளை ஐந்தையும் எழுதிப் புள்ளியும் பெற்றுவிடுகிறது.

பல பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் நடத்தப்படுகின்றது. வேட்புமனு, வாக்குப்பெட்டி, அமைச்சர் நியமனம் என யாவும் முறைப்படி நடைபெறுகின்றன. இம்முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தெரிவான 'சுகாதார அமைச்சர்' மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை என்று அதிபரிடம் எடுத்துரைத்து, அதற்குப் பதிலும் பெறக்கூடிய பாடசாலையில்தான் அது பாடமாகின்றது. ஏனையவற்றில் அது பரிசளிப்பு விழாவைப் போன்ற மற்றொரு விழாவாகும்.

பெற்றோரின் நிலையும் இதற்கு வேறானதன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பு, பெற்றோர் தமது பாடசாலையின் நிர்வாகத்தில் பங்குகொள்ளச் சட்டபூர்வமாகக் கிடைத்த வாய்ப்பாகும். தோட்டப்புறத்தில் அதன் கூட்டம் வேலைநாளின் காலை வேளையில் கூட்டப்பட்டால், கொழுந்து பறிக்கும் தாய் அதற்குச் சமூகமளிக்க ஒரு நாட் சம்பளத்தையோ 'அரைப்பேரையோ' இழக்க வேண்டும். வருபவர்கள் யாரென்று நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களே செயலாளராகவும் பொருளாளராகவும் ஆண்டுதோறும் தெரிவாகின்றனர். தாய்மார் வரவில்லை, அவர்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை என்று கூட்ட அறிக்கையில் பதிவாகின்றது. வலயக் கல்விப் பணிமனைகள் சுற்றறிக்கை அனுப்புவதில் சலிப்படைவதில்லை. தோட்டப்புறப் பாடசாலைகளின் சங்கக் கூட்டங்களை ஞாயிறு பிற்பகலில் நடத்துமாறும், கணக்கறிக்கையைக் கூட்டத்தில் தமிழில் உரக்க வாசிக்குமாறும் பணித்து இன்னுமொரு சுற்றறிக்கை அனுப்புவதால் திறைசேரிக்கு எந்தச் செலவும் ஏற்படப்போவதில்லை.