இணையவழிக் கல்வியை இடையில் விடாது முடிப்பது எப்படி?

இணையத்தளம் உருவாக்குவது காணி வேண்டாத தொழில். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதற்கென ஆறு பாடநெறிகள் கொண்ட பயிற்சியை இணையவழியே இலவசமாக வழங்குகின்றது. உச்சமுனையில் இருந்துகொண்டே பிள்ளைகள் சேரலாம். சேர்வது எளிது, முடிப்பவர் சிலரே.

முதலாவது, ஒழுங்கு. எச்.ரி.எம்.எல். பக்கத்தின் கட்டமைப்பைத் தருகின்றது, சி.எஸ்.எஸ். தோற்றத்தை, ஜாவாஸ்கிரிப்ட் இயக்கத்தை. பாத்தி கட்டாமல் நாற்று நடுவோமா? இங்கும் படி தாண்டலாகாது.

இரண்டாவது, பழக்கம். பாடத்தை வாசிக்கக் கைத்தொலைபேசி போதும். எழுதிப் பழகக் கணினி வேண்டும். பழையதாயினும் உதவும். கிழமைக்கொருநாள் முழுவதும் இருப்பதிலும் தினம் ஒரு மணித்தியாலம் மேல். பிழை வந்தால் மனம் தளர வேண்டாம். அது எந்த வரியில் என்பதைக் கணினியே பெரும்பாலும் காட்டும்.

மூன்றாவது, பயன். ஊர் வெங்காயத்தின் விலையைக் காட்டும் சிறு பக்கமொன்றைத் தாமே செய்யட்டும். வேலை தருவோர் சான்றிதழை மட்டுமன்றி, செய்த வேலையையும் பார்ப்பர்.

பெற்றோரே, அந்த ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையைத் தண்ணீருக்கோ கடைக்கோ அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைக்கும் இதுவே நியாயம். “புலமைப்பரிசில் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்” என்போரிடம் ஏமாறாதீர்கள்.