வாழைப்பழ வழக்கு: சந்தையில் பலம் உள்ளவருக்கும் எல்லை உண்டு

சந்தைக்கு நாம் கொண்டுபோகும் பொருளை வாங்க ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்றால் விலையை யார் சொல்வார்? அவரேதான் சொல்வார். விதையும் பசளையும் விற்பவர் ஒருவரே என்றாலும் கதை அதுதான். இடம்பெயர்ந்து வந்து, பழக்கமில்லாத ஊரில் வாங்கவும் விற்கவும் நேர்ந்தவர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அப்படிப்பட்ட பலத்தைச் சட்டம் கட்டுப்படுத்த முடியுமா? ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. 1957ஆம் ஆண்டு றோம் உடன்படிக்கையின் 86ஆம் உறுப்புரையில் அது எழுதப்பட்டது. உடன்படிக்கைகள் திருத்தப்பட்டபின், 2009 டிசம்பர் முதல் அதுவே 102ஆம் உறுப்புரையாக வழங்குகிறது.

பெரியவராக இருப்பது குற்றமா?

இல்லை. நல்ல பொருளைக் கொடுத்து, உழைத்து, ஒரு கொம்பனி பெரிதாக வளர்ந்தால் சட்டம் அதைத் தடுப்பதில்லை. போட்டியாளரையும் வாடிக்கையாளரையும் பொருட்படுத்தாமல் நடக்கக்கூடிய அளவு பலத்தையே சட்டம் 'ஆதிக்க நிலை' என்கிறது. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். உறுப்புரை நான்கு உதாரணங்களைத் தருகிறது:

1. நியாயமற்ற விலைக்கு விற்பது, அல்லது நியாயமற்ற விலைக்கு வாங்குவது.
2. நுகர்வோருக்குப் பாதகமாக உற்பத்தியையோ விற்பனையையோ மட்டுப்படுத்துவது.
3. ஒரே மாதிரியான வியாபாரத்தில் ஒருவருக்கு ஒரு நிபந்தனையும் இன்னொருவருக்கு வேறொன்றும் வைப்பது.
4. ஒன்றை வாங்க வந்தவரிடம், அதனோடு தொடர்பில்லாத வேறொன்றையும் ஏற்கும்படி கட்டாயப்படுத்துவது.

முதலாவதைக் கவனியுங்கள். விற்கும் விலை மட்டுமல்ல, வாங்கும் விலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

வழக்கு எப்படி வந்தது?

யுனைட்டட் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 'சிக்கிட்டா' என்ற பெயரில் வாழைப்பழம் விற்றது. அதற்குச் சொந்தத் தோட்டங்களும் குளிரூட்டிய கப்பல்களும் இருந்தன. ஜேர்மனி, டென்மார்க், அயர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பேர்க் ஆகிய நாடுகளின் வாழைப்பழச் சந்தையில் 40 முதல் 45 வீதம் வரை அதன் கையில் இருந்தது.

காய்கள் றொட்டர்டாம், பிறேமர்ஹாவன் துறைமுகங்களில் இறங்கும். நாம் குலையைக் குழியில் வைத்துப் புகையூட்டிப் பழுக்க வைப்பதுபோல, அங்கே அதற்கென்று அறைகள் வைத்திருக்கும் வியாபாரிகள் வாங்கிப் பழுக்க வைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த வியாபாரிகளுடன் கொம்பனி நடந்துகொண்ட விதமே வழக்காயிற்று.

முதலாவது, காய் பச்சையாக இருக்கும்போது அதை வேறொருவருக்கு விற்கக்கூடாது என்று கொம்பனி நிபந்தனை வைத்தது. தரத்தைக் காப்பதற்கே இது என்றது. ஆனால் பச்சைக் காய்தான் தூரம் தாங்கும். பழுத்தது சில நாட்களில் அழிந்துவிடும். ஆகவே மலிவான நாட்டில் வாங்கி, விலை கூடிய நாட்டில் விற்கும் வழி அடைபட்டது.

இரண்டாவது, அந்த வழி அடைபட்டதால் நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்க முடிந்தது. ஒரே தரமான காய்க்கு, ஏறத்தாழ ஒரே இறக்குமதிச் செலவில், அயர்லாந்து வியாபாரி கொடுத்த விலையைப்போல் 2.38 மடங்கு வரை டென்மார்க் வியாபாரி கொடுக்க நேர்ந்தது.

மூன்றாவது, டென்மார்க்கில் ஓலசன் என்ற நிறுவனம் நீண்டகாலமாகச் சிக்கிட்டா வாங்கி வந்தது. போட்டிக் கொம்பனி ஒன்றின் 'டோல்' வாழைப்பழத்துக்கான விளம்பர முயற்சியிலும் அது பங்குபற்றியது. 1973 ஒக்டோபரில் யுனைட்டட் பிராண்ட்ஸ் அதற்குக் காய் கொடுப்பதை நிறுத்தியது. 1975 பெப்ரவரி வரை கொடுக்கவில்லை.

நான்காவது, சில நாடுகளில் விலையே அளவுக்கு மீறியது என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது.

தீர்ப்பு

ஐரோப்பிய ஆணைக்குழு 1975 டிசம்பரில் 10 இலட்சம் கணக்கு அலகுகள் தண்டம் விதித்தது. கொம்பனி ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. "வாழைப்பழம் கூடிய விலை என்றால் மக்கள் அப்பிள் வாங்குவார்கள், ஆகவே எமக்கு ஆதிக்கம் இல்லை" என்ற கருத்தில் அது வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் போன்றோருக்கு மென்மையான, விதையற்ற வாழைப்பழத்தின் இடத்தை வேறு பழம் எளிதில் நிரப்பாது. ஆகவே அது தனிச் சந்தையே என்றது.

1978 பெப்ரவரி 14ஆம் திகதி தீர்ப்பு வந்தது. முதல் மூன்று குற்றச்சாட்டுகளும் நிலைத்தன. வழமைபோல் கட்டளை கொடுத்து வாங்கும் பழைய வாடிக்கையாளருக்கு, போட்டியாளரின் பொருளையும் விற்றார் என்பதற்காகப் பொருளை மறுக்கக்கூடாது. ஆதிக்கக் கொம்பனியும் தன் வியாபாரத்தைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் காப்பதற்கும் தண்டிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஓலசனைக் கைவிட்டால், மற்ற வியாபாரிகளும் பயந்து போட்டிப் பொருளைத் தொடமாட்டார்கள்.

நான்காவது குற்றச்சாட்டு மட்டும் விழுந்தது. உற்பத்திச் செலவையும் விற்ற விலையையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆணைக்குழு அந்தச் செலவை ஆராயவில்லை என்று நீதிமன்றம் கூறியது. தண்டம் 850,000 அலகுகளாகக் குறைந்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்த வழக்கை நாம் மிகைப்படுத்தக்கூடாது. பொருள் நின்ற நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. வழக்கு ஐரோப்பிய வியாபாரிகளைப் பற்றியது. வாழை நட்ட தோட்டத் தொழிலாளரின் கூலி அதில் பேசப்படவில்லை. அந்தச் சட்டம் எமது சந்தைகளுக்குச் செல்லவும் மாட்டாது.

ஆயினும் அதில் உள்ள நியாயம் எங்கும் விளங்கக்கூடியது. "என் பொருள், என் விருப்பம்" என்ற பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. மற்றவருக்கு வேறு வழியில்லாத இடத்தில், பலமுள்ளவருக்குப் பொறுப்பும் கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. "விலை அநியாயம்" என்று சொன்னது மட்டும் அந்த நீதிமன்றத்தில் போதவில்லை. செலவுக் கணக்கு கேட்கப்பட்டது. விதை, உழவு, கூலி, வண்டிச் சத்தம் என்று ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைப்பவர், விலை பேசும்போது வெறுங்கையோடு நிற்கமாட்டார். அடுத்த போகத்திற்கு ஒரு கொப்பியை இப்போதே எடுத்து வைப்போம்.